சோப்பு நுரையும் எஃகின் மணிகளும்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சாப்பாட்டுக்கு முன்னால் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். உலோகங்களின் நுண்ணமைப்பைக் கணினியில் உருவாக்கிப் பார்ப்பது பெரிய கடல். அதில் ஒரு மூலையை மட்டும் தொடுகிறேன்.

எஃகை மெருகேற்றி, அமிலம் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், வரப்பு கட்டிய வயல்கள் மாதிரி மணிகள் தெரியும். ஷெஃபீல்டில் ஹென்றி சார்பி 1860-களில் இப்படித்தான் பார்த்தார். மணி சிறுத்தால் வலு கூடும். 1951-ல் ஹாலும் 1953-ல் பெட்சும் இதற்குக் கணக்கே கொடுத்தார்கள்: மணியின் விட்டம் கால் பங்கானால், மணி எல்லைகளால் கிடைக்கும் வலு இரண்டு மடங்காகும். ஆனால் சூடாக்கினால் பெரிய மணி சின்ன மணியை விழுங்கி வளரும். அங்கேதான் தொல்லை.

சோப்பு நுரையிலும் இதே கதைதான். ஸிரில் ஸ்டான்லி ஸ்மித் நுரையை வைத்து உலோக மணிகளை விளக்கினார். அதைக் கேட்ட கணித மேதை வான் நாய்மன், 1952-ல் வெளியான ஒரு குறிப்பில் விதியைச் சொல்லிவிட்டார். தட்டையான நுரையில் ஆறு பக்கம் உள்ள குமிழி அப்படியே நிற்கும். ஆறுக்குக் குறைந்தால் சுருங்கும், கூடினால் வளரும். குமிழியின் அளவு கணக்கிலேயே வராது! 1956-ல் மல்லின்ஸ் இதை உலோக மணிகளுக்கும் நிறுவினார். முப்பரிமாணத்துக்கு மெக்பர்சனும் ஸ்ரோலோவிட்ஸும் 2007-ல்தான் விடை கண்டார்கள்.

அதே ஸ்ரோலோவிட்ஸ், ஆண்டர்சன் முதலானோருடன் எக்ஸான் ஆய்வுக்கூடத்தில் 1984-ல் வெளியிட்ட முறை ரொம்ப எளிது. கட்டம் போட்ட தாளில் கட்டத்துக்கு ஒரு எண். ஒரே எண் சேர்ந்திருந்தால் அது ஒரு மணி. ஏதாவது ஒரு கட்டத்தை எடுத்து, அதற்குப் பக்கத்துக் கட்டத்தின் எண்ணைக் கொடுத்துப் பாருங்க. எல்லை கூடாவிட்டால் ஏற்றுக்கொள், கூடினால் தள்ளிவிடு. இதையே லட்சக்கணக்கான தடவை செய்யணும், அவ்வளவுதான். மாணவர்கள் ஒரு சாயங்காலத்தில் எழுதிடலாம்.

எழுதியபின்தான் கவனம் வேண்டும். பல்சக்கரத்துக்குக் கார்புரைசிங் செய்கிறோம், சுமார் 930 டிகிரியில், பல மணி நேரம். வெப்பத்தை ஆயிரத்துக்கு மேலே ஏற்றினால் நேரம் மிச்சம், கரண்ட் பில் மிச்சம். நயோபியம் கார்பைடு போன்ற நுண்துகள்கள் மணி எல்லையைப் பிடித்து நிறுத்தும் என்ற ஸீனரின் கருத்து 1948-லேயே அச்சில் வந்துவிட்டது. சரி, புரோகிராமில் துகள்களைத் தூவி ஓட்டுகிறீர்கள். மணி வளராமல் நின்றுவிடுகிறது. 'தாராளமா ஏத்தலாம் சார்' என்று ரிப்போர்ட் எழுதிடலாமா?

நிறுத்தியது துகளா, கட்டமா? சதுரக் கட்டத்தில் நாலே நாலு அண்டையரை மட்டும் பார்த்தால், துகளே இல்லாமலும் எல்லைகள் நேர்கோடாகி மாட்டிக்கொள்ளும். அதனால் முதலில் ஒரே ஒரு வட்ட மணியை நடுவில் வைத்து ஓட்டுங்க. அதன் பரப்பு சீராகக் குறைந்துகொண்டே வரணும். வராவிட்டால் கோளாறு கட்டத்தில்.

அடுத்தது, தட்டைப் படத்தில் துகள் என்பது உண்மையில் தாளுக்குக் குறுக்கே நிற்கும் கம்பி. கோட்டை அது இறுக்கிப் பிடிக்கும். நிஜ எஃகில் எல்லை ஒரு பரப்பு; துகளைச் சுற்றி வளைத்துக் கடந்து போய்விடும். முப்பரிமாணத்தில் ஓட்டாமல் இந்த விஷயத்தில் முடிவு சொல்லக் கூடாது என்பது என் கட்சி. கணினியின் ஒரு சுற்று என்பது எத்தனை விநாடி என்பதையும் சோதனைதான் சொல்லணும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, புரோகிராமில் துகள் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. உலையிலோ வெப்பம் ஏற ஏறக் கரைகிறது, மிச்சம் பருக்கிறது. பிடி விட்டதும் ஒன்றிரண்டு மணிகள் மட்டும் பூதாகரமாக வளரும். சராசரி அளவு நன்றாகவே காட்டும். பல் உடைவது அந்த ஒன்றிரண்டில்தான்.

எனவே ரிப்போர்ட்டில் கையெழுத்து போடுவதற்கு முன்னால் அதே ஹீட்டில் வந்த எஃகில் விரல் கனத் துண்டு நாலு வெட்டுங்க. அதே வெப்பத்தில் ஒரு மணி, இரண்டு, நாலு, எட்டு மணி நேரம் வைத்து, தண்ணீரில் குளிர்வித்து, பிக்ரிக் அமிலத்தில் எட்ச் செய்து பாருங்க. சராசரியோடு, கண்ணில் படுகிற ஆகப் பெரிய மணியையும் தனியாகக் குறிச்சு வையுங்க. கணினிப் படத்தை அப்புறம் அதன் பக்கத்தில் வைக்கலாம்.