புதிதாய் வாங்கிய பழைய வண்டி

பிறர் ஓட்டிய மோட்டார் வண்டியை வாங்குவது, பிறர் பாதி மொழிபெயர்த்துவிட்டுப் போன கோப்பை ஏற்றுக்கொள்வது போன்றது. முன்னவர் எங்கே தவறினார் என்பது போகப் போகத்தான் புலப்படும். மத்திய அரசின் மொழிபெயர்ப்பாளராக மைசூரில் காலம் தள்ளும் நமக்குக் கோப்புகளில் பழக்கம் உண்டு, வண்டிகளில் இல்லை. அந்தக் குறை நமக்குக் கற்பித்த பாடத்தையே இன்று சொல்லப் புகுகிறோம்.

நம் மாமனார் மார்டள்ளியில் வாழ்பவர். தமிழ் பேசும் குடும்பங்கள் மிகுந்த ஊர் அது. கொள்ளேகாலம் வட்டம் கோயமுத்தூர் மாவட்டத்தோடு இருந்த காலத்தில் பிறந்தவர் அவர். 1956-இல் மாநில எல்லைகள் திருத்தப்பட்டபோது அவ்வட்டம் மைசூர் மாநிலத்தைச் சேர்ந்தது. 1997-இல் சாமராஜநகர் மாவட்டம் பிரிந்தபோது அதற்குள் அடங்கியது. வீட்டை விட்டு நகராமலே மாநிலமும் மாவட்டமும் மாறியவர் அவர். இப்போது இதய நோய்க்காக மாதந்தோறும் மைசூருக்கு வரவேண்டியவர். நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட அந்தப் பயணம் பேருந்தில் அவருக்கு ஒவ்வாது. ஆகவேதான் மூன்று சிலிண்டர் கொண்ட பழைய சிறு கார் ஒன்றை வாங்கத் துணிந்தோம்.

விற்றவர் காலை ஆறரை மணிக்கே வரச் சொன்னார். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் சீராக ஓடிற்று. மகிழ்ந்து பணத்தைக் கொடுத்தோம். வீடு வந்து சேர்வதற்குள் வண்டி குளிர் காய்ச்சல் கண்டவனைப் போல் நடுங்கத் தொடங்கியது.

பட்டறைக்குப் போனோம். அங்கே நாம் செய்த பிழையை மறைக்க விரும்பவில்லை. நமக்குத் தெரிந்த கன்னடத்தில், "பிளக் போய்விட்டது, மாற்றுங்கள்" என்றோம். மாற்றினார்கள். நடுக்கம் நிற்கவில்லை. மறுமுறை, "காயில் கெட்டிருக்கும்" என்றோம். அதுவும் மாறிற்று. பெட்ரோல் வடிகட்டியும் மாறிற்று. ஆறாயிரம் ரூபாய் கரைந்தது. நோய் இருந்த இடத்திலேயே இருந்தது. நோயாளி மருத்துவரிடம் நோயைச் சொல்லாமல் மருந்தின் பெயரைச் சொன்னால் என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று.

திங்கட்கிழமை மாமனார் மருத்துவரைக் காணவேண்டும். அவரை அழைத்து வரச் சனிக்கிழமை புறப்பட்டோம். ஹனூரைக் கடந்து, காட்டை ஒட்டிய ஏற்றத்தில் வண்டி இரண்டு முறை நின்றது. அப்போது நம் மனத்தில் ஓர் எண்ணம் எழுந்தது: நாமும் இதை ஒரு குளிர்ந்த காலைப்பொழுதில் எவருக்கேனும் விற்றுவிட்டால் என்ன? அவ்வாறு எண்ணியதை இன்றும் வெட்கத்தோடு நினைக்கிறோம். மார்டள்ளியை அடைந்ததும், டிராக்டர்களைப் பழுதுபார்க்கும் முதியவர் ஒருவரிடம் மாமனார் நம்மை அழைத்துச் சென்றார்.

நாம் வழக்கம்போல், "வேறு காயில் போட்டுப் பார்க்கலாமா?" என்று தொடங்கினோம். அவர் கையமர்த்தினார். "அதை நான் பார்க்கிறேன் ஐயா. எப்போது நடுங்குகிறது? காலையிலா, சூடேறிய பிறகா? நிற்கும்போதா, ஓடும்போதா?" என்றார். இந்தக் கேள்விகளை அதுவரை நாமே நம்மைக் கேட்டதில்லை. காலையில் நன்றாக ஓடும், சூடேறிய பிறகே நடுங்கும், நிற்கும்போது மிகுதி. சொல்லச் சொல்ல, விற்றவர் ஏன் ஆறரை மணிக்கு வரச் சொன்னார் என்பதும் நமக்கு விளங்கிவிட்டது.

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையில், உறையிட்ட குறட்டினால் முதல் பிளக்கின் ஒயரைக் கழற்றினார். எஞ்சின் தள்ளாடியது. அதை மாட்டிவிட்டு இரண்டாவதைக் கழற்றினார். ஒரு மாறுதலும் இல்லை. மூன்றாவதைக் கழற்றியபோது மீண்டும் தள்ளாடியது. உழைப்பவன் விலகினால் வேலை தடைப்படும். உழையாதவன் விலகினால் எவருக்கும் தெரியாது. ஆகவே இரண்டாம் சிலிண்டரே வேலை செய்யவில்லை என்று தெளிவாயிற்று.

அடுத்து, அதன் பிளக்கை முதல் சிலிண்டருக்கு மாற்றினார். குற்றம் பிளக்கோடு போகவில்லை. ஒயரை மாற்றினார், அதனோடும் போகவில்லை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். அதன் விளைவைக் கண்ட பின்னரே அடுத்தது. இதுவே அவருடைய முறை.

பெட்ரோல் எஞ்சினுக்கு வேண்டியவை மூன்று: தக்க அளவில் கலந்த காற்றும் பெட்ரோலும், நல்ல அழுத்தம், உரிய நேரத்தில் தீப்பொறி. நான்கு வீச்சு எஞ்சினை 1876-இல் ஜெர்மனியில் நிக்கோலஸ் ஓட்டோ உருவாக்கினார். தீப்பொறி சரியென்று தெரிந்ததும் முதியவர் அழுத்தத்தை அளந்தார். வண்டி சூடாக இருக்கும்போதே அளந்தார் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். இரண்டாம் சிலிண்டரில் அது மற்றவற்றின் பாதிக்கும் கீழே இருந்தது. பிளக் துளை வழியாகச் சிறிது எண்ணெய் விட்டு மீண்டும் அளந்தார். பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் எண்ணெய் இடைவெளியை அடைத்து அழுத்தம் உயர்ந்திருக்கும். உயரவில்லை. "வால்வுதான்" என்றார்.

எஞ்சினை ஆறவிட்டு மேல் மூடியைத் திறந்தார். புகை வெளியேறும் வால்வுக்கு விடவேண்டிய டேப்பெட் இடைவெளி சிறிதும் இல்லை. வால்வின் தண்டு சூட்டினால் நீளும். நீள இடமில்லாவிட்டால் வால்வு முழுதும் மூடாது; அழுத்தம் கசிந்துவிடும். குளிர்ந்த காலையில் சீரும், சூடேறிய பின் நடுக்கமும் இதனால்தான். மெல்லிய அளவுத் தகட்டை நுழைத்துப் பார்த்துத் திருகைச் சரிசெய்தார். வேலை அவ்வளவே, புதிய உறுப்பு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. இன்னும் சில நூறு கிலோமீட்டர் அப்படியே ஓட்டியிருந்தால், வால்வின் விளிம்பு தீய்ந்து ஹெட்டையே கழற்ற நேர்ந்திருக்கலாம்.

எல்லா நடுக்கமும் இக்காரணத்தால் வருவதன்று. காற்றுக் குழாயில் வெடிப்பு இருந்தால் சீறும் ஓசை கேட்கும். வேகம் கூட்டினால் நடுக்கம் குறையும். பிளக் கரிபிடித்துக் கறுத்திருந்தால் பெட்ரோல் மிகுதி. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் உள்ளே எண்ணெய் கசிகிறது. தண்ணீர் குறைந்து வெண்புகை மிகுந்தால் ஹெட் கேஸ்கெட்டை ஐயுற வேண்டும். ஓர் எச்சரிக்கையும் உண்டு: இக்கால வண்டிகளில் ஒயரைக் கழற்றிப் பார்க்கும் சோதனை கூடாது. எரியாத பெட்ரோல், புகையைத் தூய்மையாக்கும் உறுப்பைக் கெடுக்கும். அவற்றிற்குக் கணினிக் கருவியே தக்கது. எந்தச் சிலிண்டர் தவறுகிறது என்பதை அதுவே எண்ணிட்டுச் சொல்லிவிடும்.

வேற்று மொழி வழங்கும் ஊர்களில் வாழும் நேயர்களே! பட்டறையில் உங்கள் சொல்வளம் போதாதே என்று தயங்க வேண்டா. நோயின் பெயரை நீங்கள் சொல்லத் தேவையில்லை. எப்போது, எந்நிலையில், எவ்வளவு நாளாக என்ற மூன்றை மட்டும் சொல்லுங்கள். அதற்குப் பத்துச் சொற்கள் போதும். பழைய வண்டி வாங்குவோர் அதைக் குளிர்ந்த நிலையில் ஒருமுறையும், அரைமணி நேரம் ஓட்டியபின் ஒருமுறையும் நிறுத்திக் கேட்க வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் காட்டுபவரிடம் மற்றதையும் கேட்டுப் பெறுங்கள்.

திங்கட்கிழமை விடியுமுன் மாமனாரோடு புறப்பட்டோம். ஏற்றங்களைக் கடந்து கொள்ளேகாலம் வந்ததும், தேநீர்க் கடையருகே வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் காத்திருந்தோம். சூடேறிய எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. "என்ன மாப்பிள்ளை, இறங்கவில்லையா?" என்றார் மாமனார்.

"சற்றுக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்" என்றோம்.