முற்றுப்புள்ளிக்குப் பிறகு

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



டொக்டர் ஒருவர் பேச எழும்பினால் சீனி, பிரஷர், சமபல உணவு என்றுதான் தொடங்குவார் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அதற்குக் கிளினிக் இருக்கிறது. நான் இன்று பேசப்போவது ஒரு வெறும் இடத்தைப் பற்றி. ஒரு வசனம் முடிந்து அடுத்த வசனம் தொடங்குமுன் தட்டெழுத்தில் நாம் விடுகிற இடம்.

மலர்க் குழுவில் இருந்தபோதுதான் இந்த எண்ணம் வந்தது. அறுபதைத் தாண்டிய அக்காமார் தட்டி அனுப்பிய கட்டுரைகளில் ஒவ்வொரு முற்றுப்புள்ளிக்குப் பிறகும் இரண்டு இடைவெளி. தங்கைமாருடையவற்றில் ஒன்று. போனில் எழுதி அனுப்பிய சிலவற்றில் முற்றுப்புள்ளியே இல்லை. பக்கம் அமைக்கிற பிள்ளை, "அக்கா, இவங்க ஏன் இவ்வளவு இடம் விட்டிருக்காங்க? இது பிழைதானே?" என்று கேட்டா.

பிழையில்லை. அப்படித்தான் பழக்கினார்கள். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை தட்டெழுத்து வகுப்புக்கு அனுப்புவது எங்கள் பக்கத்து வழக்கம். எழுவான்கரைப் பிள்ளையானாலும் படுவான்கரையிலிருந்து வந்து தங்கிப் படித்த பிள்ளையானாலும், விரல் முதலில் 'ஏ, எஸ், டி, எப்' படிக்கும். அடுத்தது, புள்ளிக்குப் பின் இரண்டு தட்டு. ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

காரணம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில அச்சுக்காரர்கள் வசனத்துக்கும் வசனத்துக்கும் நடுவில், சொல்லுக்குச் சொல் விடுவதைவிட அகலமான ஈயத்துண்டு வைத்துக் கோத்தார்கள். 1870களில் தட்டெழுத்து இயந்திரம் விற்பனைக்கு வந்தது. அதில் ஒல்லியான 'ஐ'யும் பருத்த 'டபிள்யூ'வும் ஒரே அகலத்தில் விழும். எல்லா எழுத்தும் தள்ளித் தள்ளி நிற்கும்போது வசன முடிவு கண்ணுக்குப் படாது. ஆகவே இரண்டு தட்டு. பிற்பாடு அச்சுக்காரர்களே அந்த அகலத்தைக் குறைத்துவிட்டார்கள். கணினி வந்தபின் எழுத்துக்கு ஏற்ற அகலம் தானாகவே அமைகிறது. அமெரிக்க உளவியற் சங்கத்தின் எழுத்து நடைக் கையேடு 2009இல் ஆய்வு வரைவுகளுக்கு இரண்டு விடச் சொன்னது. 2019இல் ஒன்று போதும் என்றது. 2020இல் மைக்ரோசொப்ட் வேர்ட் இரண்டு இடைவெளியின் கீழே கோடு கீறத் தொடங்கியது. அக்காமாரே, உங்கள் விரல்கள் கற்றது ஒரு இயந்திரத்தின் தேவை. இயந்திரம் போய்விட்டது, விரல் மறக்கவில்லை.

தமிழுக்கு இந்தச் சண்டையே புதிது. யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்து மலாயாவுக்குப் போன ரா. முத்தையா தமிழ்த் தட்டெழுத்துப் பொறியை உருவாக்கியபோது அவருக்கு இருந்த தலையிடி வேறு. இத்தனை எழுத்தை எத்தனை விசைக்குள் அடக்குவது? மெய்யின் புள்ளிக்கு நகராத விசை வைத்தார்கள். அதைத் தட்டினால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். இரண்டு தட்டு விதி ஆங்கிலத் தட்டெழுத்தோடு கூடவே எங்களிடம் வந்தது.

அதற்கு முந்தியோ எங்களுக்கு ஒரு இடைவெளியும் இல்லை. வைகாசியில் எங்கள் கண்ணகியம்மன் கோயில்களில் வழக்குரை பாடுவதைக் கேட்டிருப்பீர்கள். அந்த ஓலை ஏட்டைக் கிட்டப்போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: சொல்லுக்குச் சொல் இடமில்லை, வரி முடிவில்லை, ஓலை கிழிந்துவிடும் என்று மெய்யெழுத்தின் புள்ளிகூடக் குத்துவதில்லை. எங்கே நிறுத்துவது, எங்கே மூச்சு எடுப்பது என்பது படிப்பவரின் தொண்டையில் இருந்தது. தகப்பனிடம் மகன் காதால் கேட்டுக் கற்றது. பண்டிதர் வி. சீ. கந்தையா போன்றவர்கள் அந்தப் பாடல்களை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தபோது, ஒவ்வொரு இடைவெளியும் அவர்கள் எடுத்த ஒரு முடிவு. அந்த உழைப்பை நாம் கவனிப்பதேயில்லை. தமிழ் உரைநடையில் நிறுத்தக்குறிகளை ஒழுங்காகப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த பெருமை ஆறுமுக நாவலருக்குத் தரப்படுகிறது. அவர் காலம் 1822 முதல் 1879 வரை. அப்படியென்றால் தமிழ் வசனத்துக்கு முற்றுப்புள்ளி வழக்கமாகி இன்னும் இருநூறு வருடமாகவில்லை.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். ஓலையைப் பாடியவர் மனப்பாடமாய்த் தெரிந்ததையே பாடினார். மருந்துத் துண்டை வாசிப்பவருக்கு அது முதல் தடவை. மூச்சு எங்கே எடுப்பதென்று சொல்லிக்கொடுக்கப் பக்கத்தில் ஆளில்லை.

போனில் வந்த ஒரு செய்தியைச் சொல்கிறேன். 'மெற்போமின் காலை இரவு இன்சுலின் சாப்பாட்டுக்கு முன்'. வாசித்துப் பாருங்கள். 'காலை'க்குப் பின் புள்ளி வைத்தால் குளிசை காலையில், ஊசி இரவில். 'இரவு'க்குப் பின் வைத்தால் குளிசை இரண்டு வேளை, ஊசி எந்த வேளை என்று தெரியாது. தேவையில்லாத வேளையில் இன்சுலின் போட்டால் சீனி இறங்கி, வியர்த்து, மயங்கி, விடியும்போது எழுப்ப முடியாத நிலைக்குப் போகலாம். ஒரு புள்ளியும் ஒரு இடைவெளியும் இருந்திருந்தால் தீர்ந்தது. அது ஒன்றா இரண்டா என்று நான் சண்டைக்கு வரமாட்டேன்.

சொல்லுக்கு நடுவில் விடும் இடமும் இதே வேலையைச் செய்யும். நான் வேலை செய்த ஒரு வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் கொடுக்கும் அச்சடித்த துண்டில், 'நள்ளிரவுக்குப் பின் தண்ணீர் கூடக் குடிக்கக் கூடாது' என்று இருந்தது. படுவான்கரையிலிருந்து வந்த ஒரு அம்மா விடியற்காலையில் ஒரு கோப்பை தண்ணீர் குடித்துவிட்டு வந்தா. கேட்டதற்கு, "புள்ள, கூடக் குடிக்க வேணாம் என்டுதானே போட்டிருக்கு. நான் கொஞ்சம்தானே குடிச்சநான்" என்றா. எழுதியவர் நினைத்தது 'தண்ணீர்கூட', ஒரு சொட்டும் வேண்டாம் என்று. எங்கள் பேச்சில் 'கூட' என்றால் அதிகம். துண்டில் இருந்ததை அந்த அம்மா சரியாகத்தான் வாசித்திருந்தா. மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் உள்ளது மேலே வந்து நுரையீரலுக்குள் போகலாம் என்பதால் சத்திரசிகிச்சை தள்ளிப்போனது. எத்தனையோ கிழமை காத்திருந்து, பஸ்ஸுக்குக் காசு தேடி வந்தவ. 'தண்ணீர்கூட' என்று சேர்த்தே எழுதவேண்டும் என்று இலக்கண நோட்டில் ரீச்சர் சிவப்பு மையால் வட்டம் போட்டபோது எங்களுக்கு அலுப்பாக இருந்தது. இப்போது அந்த வட்டத்தின் விலை எனக்குத் தெரியும். இதுபோன்ற துண்டுகளுக்கு என் ஆலோசனை, 'கூட'வையே விட்டுவிட்டு 'தண்ணீரும் குடிக்க வேண்டாம்' என்று எழுதுவதுதான்.

கணினியில் வரியின் இரு ஓரத்தையும் சமப்படுத்தினால் இன்னொரு சிக்கல். தமிழ்ச் சொற்கள் நீளம். ஒரு சொல் கீழே இறங்கினால் மேல் வரியில் மிச்சமிருப்பவை பல் விழுந்த வாய் மாதிரி நிற்கும். மலருக்கு அது அழகுக் குறை மட்டும். மருந்துத் துண்டில் 'குடிக்க' மேல் வரியிலும் 'வேண்டாம்' கீழ் வரியிலும் போய் நின்றால் அவசரத்தில் மேல் வரியோடு நிறுத்துபவர்கள் உண்டு.

இங்கே இருப்பவர்களில் பாதிப்பேருக்கு, இந்த மலரை ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேணிலும் வாசிக்கப்போகிறவர்களுக்குக் கட்டாயம், ஊரில் ஒரு அம்மாவோ மாமியோ இருப்பார். டொக்டர் சொன்னதை நீங்கள் போனில் கேட்டு, தமிழில் தட்டி அவருக்கு அனுப்புகிறீர்கள். அதை ஒரே மூச்சில் எழுதி அனுப்பாதீர்கள். ஒரு மருந்துக்கு ஒரு வரி. மருந்தின் பெயர், எத்தனை, எந்த வேளை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, பிறகு புள்ளி. அடுத்த மருந்தைத் தொடங்குமுன் ஒரு வரி வெறுமையாக விடுங்கள். எண்ணையும் அளவையும் ஒட்டி எழுதவேண்டாம்; '10 மி.கி.' என்று நடுவே இடம் இருக்கட்டும். '5.0' என்று எழுதவே வேண்டாம், புள்ளி மங்கினால் ஐம்பது ஆகிவிடும். அனுப்பியபின் அழைப்பெடுத்து, "அம்மா, வாசியுங்கோ பாப்பம்" என்று கேளுங்கள். அவர் எங்கே நிறுத்துகிறார் என்பதைக் கவனியுங்கள்.