நூற்றுக்கு இரண்டு



நியூயார்க் துறைமுகத்துச் சுதந்திர தேவி சிலையின் பீடத்திற்கு உரியது ஒரு கவிதை. எம்மா லாசரஸ் 1883-இல் எழுதினார். 1903-இல் அது வெண்கலத் தகட்டில் பொறித்து வைக்கப்பட்டது. புகலிடம் தேடி வருவோரை வரவேற்கும் கவிதை அது. இருபதாண்டு நிறையுமுன்னரே, 1921-இல், அமெரிக்கா வருவோர்க்குக் கோட்டா வகுத்தது. 1910-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, ஒரு நாட்டிற் பிறந்தோர் அங்கு எத்தனை பேர் வாழ்ந்தனரோ, அவர்களில் நூற்றுக்கு மூவர் என்னும் அளவே ஆண்டுதோறும் வரலாம் என்றது. சீனத் தொழிலாளர்க்கு 1882-லும், இந்தியா உள்ளிட்ட ஆசியப் பகுதிகளுக்கு 1917-லும் கதவு முன்பே அடைபட்டிருந்தது.

1924-இல் மூன்று இரண்டாயிற்று. அதனினும் கொடிது, கணக்கின் ஆண்டு 1890-க்குப் பின்தள்ளப்பட்டமை. இத்தாலியரும் கிழக்கு ஐரோப்பிய யூதரும் பெருந்திரளாக வந்தது அதற்குப் பின்னரே. இத்தாலியின் பங்கு 42,057-இலிருந்து 3,845-ஆகச் சுருங்கியது. அவர்களை இகழும் சொல் ஒன்றும் சட்டத்தில் இல்லை. ஓர் ஆண்டை மாற்றியதே போதுமாயிற்று. சொல்லை நிறுத்துப் பார்க்கும் கவிஞர்கள் எண்ணை நிறுத்துப் பார்ப்பதில்லை. சட்டம் செய்வோர் அதனை அறிவர் போலும்!

1939 மே மாதம் ஹாம்பர்க்கிலிருந்து 'செயின்ட் லூயிஸ்' கப்பல் 937 பயணிகளுடன் புறப்பட்டது. ஏறக்குறைய அனைவரும் யூதர். பலர் அமெரிக்கக் கோட்டாவில் தம் முறைக்குக் காத்திருந்தவர். ஜெர்மனிக்கு ஆண்டுப் பங்கு 27,370. வரிசையோ மிக நீண்டது. ஹவானா மிகப் பெரும்பாலோரை இறங்கவிடவில்லை. புளோரிடாக் கரையருகே வந்தும் அனுமதி கிட்டவில்லை. கப்பல் ஐரோப்பாவுக்கே திரும்பியது. அவர்களுள் 254 பேர் பின்னர் யூத இனப் படுகொலையில் மாண்டனர்.

1943-இல் சீனர்க்கு ஆண்டுக்கு 105, 1946-இல் இந்தியர்க்கு 100 என இடம் கிடைத்தது. நாட்டுப் பிறப்பை அளவுகோலாக்கிய கோட்டாவை நீக்கும் சட்டத்தில் 1965 அக்டோபர் 3 அன்று ஜான்சன் கையொப்பமிட்டார், அதே சிலையின் அடியில்.

எண் அத்துடன் ஒழிந்துவிடவில்லை. 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கோட்டாவுக்குட்பட்ட பச்சை அட்டைகளில் எந்த நாட்டினரும் நூற்றுக்கு ஏழுக்கு மேல் பெறுதல் அரிது. இந்தியாவுக்கும் ஐஸ்லாந்துக்கும் ஒரே வரம்பு! தமிழகத்திலிருந்து சென்ற பொறியாளர் பலர் பத்தாண்டுக்கு மேலாக வரிசையில் நிற்கின்றனர். இங்குப் பிறந்து, மழலையாய் உடன்சென்ற பிள்ளைகள் பலர் 21 வயதைக் கடந்ததும் பெற்றோரின் விண்ணப்பத்திலிருந்து விலக்கப்படுகின்றனர்.