கயிறு பிடிக்கிறவர்கள்

கடற்காற்றில் பந்தலே ஆடினாலும் அசையாமல் உட்கார்ந்திருக்கும் தூத்துக்குடிப் பெருமக்களே, வீட்டில் பயறு உரித்துக்கொண்டே தொலைக்காட்சியில் எங்களைப் பார்க்கும் தாய்மார்களே!

'நாட்டைக் காப்பதில் பெரும்பங்கு போர்முனைக்கா, ஊர்முனைக்கா?' இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் எழுந்தார். மேஜர் சரவணனைப் பற்றிப் பேசினார். திருச்சியிலிருந்து போன பிள்ளை, 1999 மே 29-ஆம் தேதி பட்டாலிக் மலையில் உயிர் கொடுத்தார். கேட்டுவிட்டு நானும்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். 'உண்டியல் குலுக்குறவன் எல்லாம் வீரனா?' என்று ஒரு கேள்வியும் கேட்டார். ஐயா, இவரிடம் கோவில் கொடைக்கு வசூலுக்குப் போனவர்களைக் கேளுங்கள். ஐம்பது ரூபாய் வாங்க எவ்வளவு வீரம் வேண்டும் என்று சொல்வார்கள்! (சிரிப்பு)

உண்டியல் குலுக்கியவர் வீரரைவிட உயர்ந்தவர் என்று சொல்ல நான் வரவில்லை. அவர் இல்லாவிட்டால் வீரர் எப்படிச் சாகிறார் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

1999. கார்கில் சண்டை நடந்துகொண்டிருக்கிறது. இதே ஊரில் ஒரு கல்லூரியில் நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்த விரிவுரையாளர். நாட்டு நலப்பணித் திட்டம் என் தலையில். இருபது மாணவிகளோடு, காயம்பட்ட வீரர்களின் மருத்துவத்துக்கு நிதி என்று அட்டை எழுதிக்கொண்டு கிளம்பினோம். கடற்கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எங்களைக் கூப்பிட்டு நிறுத்தினார். 1961-ல் இங்கே நடந்த கடைசி முத்துக்குளிப்பில் கடலுக்குள் இறங்கியவர். பத்து ரூபாயை உண்டியலில் போட்டார். போட்டவர் சும்மா விடவில்லை. 'டீச்சரம்மா, முத்து எடுக்கப் போறவனுக்குக் கயிறு பிடிக்கது யாரு, சொல்லுங்க பாப்போம்' என்றார். நான் முனைவர் பட்டத்துக்குக் கொற்கை முத்தைப் பற்றியெல்லாம் படித்துக்கொண்டிருந்த நேரம். விழித்தேன். 'மச்சான்! பொண்டாட்டி கூடப் பொறந்தவன். தங்கச்சி தாலி அவன் கையில இருக்குல்லா, கயிறை விடுவானா?' என்றார்.

'மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேணும்' என்று நாம் சொல்கிறோமே, மலைத்தேன் எடுப்பவருக்குச் சொன்னது கடலுக்கும் பொருந்துகிறது. கீழே இருப்பவனுக்கு மூச்சு ஒரு நிமிஷம், கொஞ்சம் கூடப் போனால் ஒன்றரை நிமிஷம். அவன் கயிற்றை ஆட்டும்போது மேலே இருப்பவன் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தால்? கதை முடிந்தது. முத்து எடுத்தவன் பேர்தான் ஊருக்குத் தெரியும். கயிறு பிடித்தவன் பேரை யாரும் கேட்பதில்லை.

நடுவர் அவர்களே, கயிறு பிடிக்க ஆளில்லாமல் போன ஒரு கதை வரலாற்றில் இருக்கிறது. முதல் உலகப் போர். 1915 நவம்பர், இன்றைய ஈராக்கில் பாக்தாத்துக்குப் பக்கத்தில் டெசிபோன் என்ற இடம். அங்கே போரிட்ட படையில் பெரும்பகுதி நம் இந்தியச் சிப்பாய்கள். ஆயிரக்கணக்கானவர் காயம்பட்டார்கள். கட்டுத்துணி போதவில்லை, மருத்துவர் போதவில்லை, ஆம்புலன்ஸ் வண்டியே இல்லை. எலும்பு முறிந்தவர்களை வில் இல்லாத சாமான் வண்டியில் போட்டு ஆற்றங்கரைக்கு உருட்டினார்கள். அங்கிருந்து படகில் பல நாள் பயணம். பாஸ்ரா துறைக்கு வந்த ஒரு படகைக் கார்ட்டர் என்ற ராணுவ மருத்துவர் பார்த்தார். தொடை எலும்பு முறிந்த ஒருவருக்கு விஸ்கிப் பெட்டிப் பலகையை உடைத்துக் கட்டியிருந்தார்களாம். மற்றதைச் சாப்பிடும் நேரத்தில் பார்த்துக்கொண்டிருக்கும் உங்களிடம் நான் சொல்ல மாட்டேன். கேள்வி கேட்ட கார்ட்டரையே அதிகாரிகள் மிரட்டினார்கள். 1917-ல் விசாரணைக் குழு அறிக்கை வந்தது. லண்டனில் இந்தியா மந்திரி ஆஸ்டன் சேம்பர்லின் பதவி விலகினார்.

அந்தச் சிப்பாய்களுக்கு வீரம் குறைவா? எதிரணி சொல்லட்டும். குண்டுக்குத் தப்பியவர்கள் கட்டுத்துணி இல்லாமல் செத்தார்கள். (கைதட்டல்)

அதே போரில், 1914-ல், சென்னை மாகாணத்தில் நிதி திரட்டி 'மெட்ராஸ்' என்ற பெயரில் ஒரு மருத்துவமனைக் கப்பலையே அனுப்பினார்கள். இந்த ஊர் அப்போது அதே மாகாணத்தில், திருநெல்வேலி ஜில்லாவில். எட்டு வருஷத்துக்கு முன்னால், 1906-ல், வ.உ.சி. பங்கு திரட்டிச் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய துறைமுகம். அவரை 1908-ல் உள்ளே தள்ளிய அரசாங்கத்தின் யுத்தத்துக்கு அந்தக் கப்பல்! மனசோடு கொடுத்தவரும் உண்டு. கலெக்டர் முகத்துக்காகக் கொடுத்தவரும் இருந்திருப்பார். ஆனால் அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு கரைக்கு வந்தவனுக்கு அந்த வித்தியாசம் தெரியவா போகிறது?

இன்னும் கொஞ்சம் பின்னால் போனால் தென்னாப்பிரிக்கா. 1899 டிசம்பர். காந்தியடிகள் ஏறத்தாழ 1,100 பேரைச் சேர்த்து ஆம்புலன்ஸ் படை அமைத்தார். பெரும்பாலானவர்கள் ஒப்பந்தக் கூலிகள். நம்ம தமிழ்ச் சனம் அதில் நிறைய. காயம்பட்டவரைத் தோளில் சுமந்து ஒரே நாளில் 20, 25 மைல் நடந்தார்கள். வர முடியாத வியாபாரிகள் துணி கொடுத்தார்கள். வீட்டிலிருந்த பெண்கள் தலையணை உறை தைத்தார்கள். தலையணை உறை! எதிரணிக்கு இது சின்ன விஷயம். தலையில் அடிபட்டுத் தரையில் கிடந்தவனைக் கேட்க வேண்டும்.

1962-ல் சீனப் போர் வந்தபோது தாய்மார்கள் நகையைக் கழற்றித் தேசியப் பாதுகாப்பு நிதிக்குக் கொடுத்தார்கள். அது உங்கள் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

இப்போது என் குற்றத்தைச் சொல்கிறேன். பணம் மட்டும் போதாது, மருந்தும் கேட்கலாம் என்று 1999-ல் ஒரு யோசனை சொன்னேன். இரண்டே நாளில் வகுப்பறை நிறைய அட்டைப் பெட்டி. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ராணுவ மருத்துவப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் பக்கத்துத் தெருவில் இருந்தார். அவரைக் கூட்டிவந்து காட்டினேன். முதல் பெட்டியைத் திறந்தார். இருமல் டானிக். இரண்டாவதில் பாதி மாத்திரைக்குக் காலாவதித் தேதி முடிந்துபோயிருந்தது. மூன்றாவதை அவர் திறக்கவில்லை.

'பதினாறாயிரம் அடி மலையில குண்டடி பட்டவன் இருமவா செய்யுதான்?' என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்புறம் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். அடிபட்டவனை முதலில் கொல்வது ரத்தப்போக்கு. அழுத்திக் கட்ட நல்ல கட்டு வேண்டும். அந்தக் குளிரில் குளுக்கோஸ் பாட்டிலே உறைந்துபோகும். எது தேவை என்று அங்கே இருக்கிற டாக்டருக்குத்தான் தெரியும். 'நீங்க பணமாக் கொடுங்க. கணக்கு எழுதிக் கொடுங்க. உங்க வீட்டு அலமாரியச் சுத்தம் பண்ணுறதுக்கு மிலிட்டரியா கிடைச்சுது?' என்றார்.

பெட்டிகளை அழிக்கப் போட்டோம். 2022-க்குப் பிறகு உக்ரைனில் தொண்டர்கள் ரத்தத்தை நிறுத்தும் இறுக்குப் பட்டைகளை வாங்கி அனுப்பியபோது, சந்தையில் வந்த மலிவான போலிகள் இறுக்கும்போதே முறிந்தன என்று படித்தேன். அந்த அட்டைப் பெட்டிகள்தான் ஞாபகத்துக்கு வந்தன. நல்ல மனசு மட்டும் போதாது நடுவர் அவர்களே. கயிறு இற்றுப்போயிருக்கிறதா என்று மச்சான்தான் பார்க்க வேண்டும்.

மறுநாளிலிருந்து பணம் மட்டும் வாங்கினோம். ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது. உப்பளத்துப் பக்கம் போனோம். சாயங்காலம், கூலி வாங்கிக்கொண்டு பெண்கள் வருகிற நேரம். ஒரு அம்மா நின்றார். 'என்னத்துக்கு கேக்கிய?' என்றார். சொன்னேன். முந்தியை அவிழ்த்து, அன்றைய கூலி முழுவதையும் எடுத்து நீட்டினார். காலைப் பார்த்தேன். வலது காலில் பழைய சேலைக் கிழிசலைச் சுற்றிக் கட்டியிருந்தார். கட்டில் ரத்தமும் உப்பும் காய்ந்திருந்தது.

'அம்மா, இதை வச்சு நீங்க காலுக்கு மருந்து வாங்கிக்கோங்க' என்றேன். வந்ததே கோபம்! 'எனக்கு உப்பு. நாளைக்கும் படும், நாளான்னைக்கும் படும். அந்தப் புள்ளைக்கு ஒரு தடவைதான படும்? சீட்டைக் கிழி.'

பேர் கேட்டேன், ரசீதுக்கு. 'எம் பேரு எதுக்கு? ஊரப் போடு' என்றார். தூத்துக்குடி என்று எழுதிக் கையில் கொடுத்தேன். அதை மடித்து அதே முந்தியில் முடிந்துகொண்டு, காலை இழுத்து இழுத்து நடந்து போனார். (நீண்ட கைதட்டல்)

அந்த அம்மாவை எந்த அணியில் உட்காரவைப்பது என்பதை நடுவர் ஐயாவின் தீர்ப்புக்கே விட்டுவிடுகிறேன்.