உறியும் கப்பியும்

நம் முன்னோர் தம் வீடுகளில் தலைக்கு மேலே இருந்த இடத்தையும் வீணாக்கியவர் அல்லர். பூனைக்கு எட்டாதபடி வெண்ணெய்ச் சட்டியை உறியில் தொங்கவிட்டனர். ஆண்டுக்கு ஒரு முறை தேவைப்படும் அண்டாக்களைப் பரண்மேல் ஏற்றினர். வடதுருவத்தை அடுத்த கிரீன்லாந்து முதலிய பனிநாடுகளில் வாழும் இன்யூயிட் மக்களும் இதே உபாயத்தைக் கையாண்டனர். மரத்தினாலோ எலும்பினாலோ சட்டம் கட்டி, சீல் என்னும் கடல் விலங்கின் தோலை அதன்மேல் போர்த்து, ஒருவர் அமர்ந்து செல்லும் ஒடுங்கிய படகு ஒன்றை அவர்கள் செய்தனர். அதற்குக் கயாக் என்று பெயர். தோலை நாய்கள் கடித்துத் தின்றுவிடும் ஆதலால், படகை உயரமான தாங்கிகளின்மேல் ஏற்றி வைப்பது அவர்கள் வழக்கம்.

இக்காலத்துக் கயாக் பெரும்பாலும் பிளாஸ்டிக்கினால் வார்க்கப்படுகிறது. நான் வாழும் திருவண்ணாமலை ரமணாசிரமப் பகுதிக்கும் அத்தகைய படகு ஒன்று வந்து சேர்ந்தது. என் அண்டை வீட்டுக் கல்லூரி மாணவர் ஒருவர் விடுமுறை நாள்களில் அதைப் புதுச்சேரிக் கடலுக்கு எடுத்துச் சென்று செலுத்துகிறார். படகின் நீளம் 12 அடி. எடை 25 கிலோ. முற்றத்தில் கிடத்தினால் வழி அடைபடுகிறது. அதுவுமன்றி, நாள்தோறும் வெயில் பட்டால் பிளாஸ்டிக் வலிமை குன்றும். ஆகவே கொல்லையிலுள்ள ஓட்டுக் கொட்டகையின் கூரையடியில் அதைத் தொங்கவிடத் தீர்மானித்தோம். வேண்டும்போது இறக்கவும் ஏற்றவும் ஒரு தூக்கியை நாங்கள் இருவரும் சேர்ந்து அமைத்தோம். அந்தத் தூக்கியின் தத்துவத்தையே மாணவ நேயர்களுக்கு இன்று விளக்க விரும்புகிறேன்.

முதலில் கிணற்றடிக்குச் செல்வோம். அங்கே கப்பி ஒன்று தொங்குகிறது. நீரும் வாளியும் சேர்ந்து 15 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கப்பியின் வழியே கயிற்றை இழுப்பவர் அந்த 15 கிலோவுக்கு ஈடான விசையைச் செலுத்தியே ஆக வேண்டும். விசையில் குறைவு சிறிதும் இல்லை. பின் கப்பியினால் விளைந்த பயன் யாது? மேல்நோக்கித் தூக்க வேண்டியதைக் கீழ்நோக்கி இழுக்கிறோம். ஆகையால் நம் உடலின் எடையே நமக்குத் துணை செய்கிறது. அவ்வளவுதான்.

இனி, கப்பியை மேலே கட்டாமல் பாரத்தோடு சேர்த்துக் கட்டுவோம். கயிற்றின் ஒரு நுனியை உத்திரத்தில் முடிந்து, பாரத்திலுள்ள கப்பியைச் சுற்றி மேலே கொண்டுவந்து, மறு நுனியை இழுப்போம். இப்பொழுது பாரத்தை இரண்டு கயிறுகள் தாங்குகின்றன. ஒரு பாதியை உத்திரம் சுமக்க, மறு பாதியே நம் கைக்கு வருகிறது. ஆனால் இயற்கை கணக்குத் தவறாதது. பாரம் ஓரடி உயர வேண்டுமானால் ஈரடிக் கயிற்றை இழுக்க வேண்டும். விசையில் மிச்சம் பிடித்ததைத் தூரத்தில் செலுத்திவிடுகிறோம். கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீஸ் இவ்வாறு பல கப்பிகளைச் சேர்த்துப் பூட்டி, ஆள்களும் சரக்கும் ஏறிய கப்பலைத் தாம் ஒருவராகவே இழுத்துக் காட்டினார் என்று புளூட்டார்க் என்னும் ஆசிரியர் எழுதிவைத்திருக்கிறார்.

எங்கள் தூக்கியும் இந்த முறையில் அமைந்ததே. படகின் முன்புறம் ஒன்றும் பின்புறம் ஒன்றுமாக இரண்டு அகன்ற நாடாக்கள் அதைத் தாங்குகின்றன. மெல்லிய கயிற்றில் தொங்கவிட்டால், கோடை வெப்பத்தில் இளகிய பிளாஸ்டிக்கில் பள்ளம் விழும், அதனால்தான் நாடா. ஒவ்வொரு நாடாவிலும் ஒரு நகரும் கப்பி உண்டு; அதற்கு நேர் மேலே, மரத்தில் ஒரு நிலைக் கப்பி உண்டு. இரண்டு கயிறுகளும் கூரையடியிலேயே ஓடிச் சுவரோரமாக உள்ள இரட்டைக் கப்பியின் வழியே இறங்கி ஒரே வளையத்தில் முடிகின்றன. ஒவ்வொரு முனையிலும் பாரம் 12½ கிலோ. ஒவ்வொரு கயிற்றிலும் இழுப்பு 6¼ கிலோ. ஆகவே வளையத்தை இழுக்கும் கைக்கு 12½ கிலோ. உராய்வினால் இது சற்றுக் கூடும். படகு 7 அடி உயர 14 அடிக் கயிறு இழுபடும்.

ஒரே கயிற்றை எல்லாக் கப்பிகளிலும் கோத்துவிட்டால் சிக்கனமாகாதா என்று மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. அவ்வாறு கோத்தால், பாரம் குறைந்த முனை முதலில் உயரும். மற்ற முனை தாழ்ந்தே நிற்கும். சாய்ந்த படகு நாடாவிலிருந்து நழுவும். இரு கயிறுகளை ஒரு வளையத்தில் பிணைத்தால் இரு முனைகளும் ஒரே அளவில் உயரும்.

இதுவரை சொன்னது ஏற்றும் கலை. இதைவிடப் பெரிது தாங்கும் கலை. கிணற்றுக் கப்பியை மீண்டும் நினைத்துப் பாருங்கள். ஒரு புறம் வாளியின் 15 கிலோ. மறு புறம் நம் இழுப்பும் 15 கிலோ. கப்பி தொங்கும் கொக்கியின்மேல் விழுவதோ 30 கிலோ! நம் கை உணராத இந்த இரட்டிப்புச் சுமையைக் கொக்கி ஓசையின்றிச் சுமக்கிறது. ஆதலால் கொக்கியை எங்கே மாட்டுகிறோம் என்பதில்தான் உயிர் இருக்கிறது. ஓடு தாங்கும் மெல்லிய சட்டங்களில் மாட்டலாகாது. கொட்டகையின் பெரிய விட்டத்தில் மாட்ட வேண்டும். கான்கிரீட் கூரையானால், மேற்பூச்சில் திருகிய ஆணி பூச்சோடு பெயர்ந்து வரும். அனுபவமுள்ள கொத்தனாரைக் கொண்டு கான்கிரீட்டினுள்ளேயே ஆழப் பதிக்க வேண்டும்.

கயிற்றையும் ஆராய்ந்து கொள்ள வேண்டும். நைலான் வலிமை மிக்கது. எனினும் பாரத்தில் நீளும் இயல்புடையது. பாலியெஸ்டர் அவ்வளவு நீளாது. கயிற்றின் பருமனுக்கேற்ற பள்ளம் கப்பியில் இருக்க வேண்டும். இல்லையேல் கயிறு விளிம்பைத் தாண்டிப் பக்கத்தில் சிக்கிக்கொள்ளும்.

எங்கள் ஊரில் கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் பெரிய தேர் ஓடும். ஆயிரக்கணக்கானோர் வடம் பிடித்து இழுப்பதையே எல்லோரும் காண்கின்றனர். சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை போடுகிறவரைக் காண்பவர் சிலரே. தேரை ஓட்டுவது வடம்; நிறுத்துவது கட்டை. நிறுத்தத் தெரியாத தேரை யார் இழுக்கத் துணிவார்?

எங்கள் தூக்கிக்கும் அத்தகைய கட்டைகள் இரண்டு உண்டு. ஒன்று, இருபுறமும் கொம்பு நீண்ட இரும்புத் தாங்கி. சுவரில் பதித்த அதில் கயிற்றை எட்டின் வடிவில் பல முறை சுற்றிக் கட்டுகிறோம். மற்றொன்று, படகு மேலே சென்றதும் அதை விட்டத்தோடு நேராகப் பிணைக்கும் இரண்டு சங்கிலிகள். பின்னர் ஏதேனும் காரணத்தால் கயிறு அறுந்தாலும் படகு விழாது. ஏற்றும்போதும் இறக்கும்போதும் அதன் கீழே எவரும் நிற்பதில்லை என்பது எங்கள் மாறாத விதி.

படகை ஏற்றுமுன் ஒரு சோதனையும் செய்தோம். 25 கிலோ மணல்மூட்டை இரண்டைப் படகுக்குப் பதிலாக நாடாக்களில் கட்டி, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஓர் இரவு முழுவதும் தொங்கவிட்டோம். விழுந்தாலும் சேதம் இல்லாத உயரத்தில், இரு மடங்கு பாரத்தைக் கொண்டு சோதித்த பின்னரே படகு மேலே சென்றது.

மாணவ நண்பர்களே! கப்பியைப் பற்றிப் பாடநூலில் படித்துத் தேர்வில் விடை எழுதுகிறீர்கள். அந்த விடை பெரும்பாலும் கயிற்றை இழுக்கும் கையோடு முடிந்துவிடுகிறது. வீட்டில் ஏதேனும் ஒரு பொருளைத் தூக்கிக் கட்ட நேரும்பொழுது, அந்த விடையை இன்னும் சற்று மேலே தொடர்ந்து செல்லுங்கள். கயிற்றிலிருந்து கப்பிக்கும், கப்பியிலிருந்து கொக்கிக்கும், கொக்கியிலிருந்து விட்டத்துக்கும், விட்டத்திலிருந்து சுவருக்கும் பாரம் எவ்வாறு செல்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். தரையை வந்தடையும் வரையில் அந்தக் கேள்வியை விடாதவரே பாரத்தைத் தலைக்குமேல் தொங்கவிடத் தகுதி பெற்றவர்.