கோட்டையும் ஒரு கடைதான்



நம்ம தரங்கம்பாடிக் கோட்டையை ராஜா கோட்டைன்னுதான் ரொம்ப நாள் நினைச்சிருந்தேன். எங்க குழு மளிகைக்கடை ஆரம்பிச்ச பிறகு ஒருநாள் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டுப் போனேன். அப்பதான் கீழ்த்தளத்தை நல்லாப் பார்த்தேன். சரக்குக் கிடங்கு, சமையலறை, வெடிமருந்து அறை எல்லாம் கீழே. கவர்னர் குடியிருந்தது மாடியில். கீழே கடை, மேலே வீடு. நம்ம கடைத்தெரு மாதிரியேதான்!

1620-ல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி, வருஷக் குத்தகை பேசி, ஓவே கெட்டே என்ற டேனிஷ்காரர் இதைக் கட்ட ஆரம்பித்தார். அவர்களுக்கு வேண்டியது மிளகு. வாங்கிச் சேர்த்து வைத்து, கப்பல் வந்ததும் ஏற்றி அனுப்ப வேண்டும். அதற்குத்தான் இந்தக் கட்டடம்.

ஆனால் வியாபாரம் சரியாக நடக்கவில்லை. 1643-ல் வில்லெம் லேயல் என்பவர் டென்மார்க்கிலிருந்து வந்து பார்த்தபோது, இங்கே பொறுப்பில் இருந்த பெசார்ட் தலைக்கு மேல் கடன் வைத்திருந்தார். லேயல் கோட்டையையே முற்றுகை போட்டுத்தான் பொறுப்பை வாங்க முடிந்தது. கணக்கு நோட்டைக் கேட்டால் சண்டை வருவது நம்ம குழுவில் மட்டும் இல்லை பாருங்க.

1650-ல் அந்தக் கம்பெனியையே கலைத்துவிட்டார்கள். கப்பல் வரவில்லை. இங்கே இருந்த டேனிஷ்காரர்கள் ஒவ்வொருவராகக் குறைந்து, கடைசியில் மிஞ்சியவர் எஸ்கில் கோங்ஸ்பாக்கே என்ற ஒருத்தர்தான். பெரிய அதிகாரி இல்லை, சாதாரணச் சிப்பாய். உள்ளூர் ஆட்களை வைத்துக்கொண்டு காவல் காத்து, ஊருக்கு மதிலும் எழுப்பினார். அதற்குப் பணம், கடலில் போன வங்காளக் கப்பலைப் பிடித்து வந்தது. அதை நான் மெச்ச மாட்டேன். 1669-ல்தான் டென்மார்க் கப்பல் மறுபடி வந்தது. 1845-ல் சேராம்பூரையும் சேர்த்து பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். பிறகு பயணியர் மாளிகையாக இருந்து, இப்போது அருங்காட்சியகம்.

இதை ஏன் சொல்றேன்னா, நமக்கும் கப்பல் வராத காலம் இருக்கு. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை தடைக்காலம், 61 நாள். விசைப்படகு போகாது, கையில் காசு இருக்காது. போன வருஷம் எங்க பற்று நோட்டு நிரம்பிப் போச்சு. மொத்த வியாபாரி சரக்கு தர மாட்டேன்னுட்டார். கடையை மூடிடலாம்னு கூட்டத்தில் பாதிப்பேர். பற்று வைத்ததும் அதே பாதிப்பேர்தான், கோவிச்சுக்காதீங்க. நானும் ஒரு மூட்டை அரிசிக்குப் பற்று வைத்திருந்தேன். முதலில் என் பேரைத்தான் சத்தமா வாசிச்சேன். அப்புறம்தான் மற்றவங்க பேரை வாசிக்க வாய் வந்தது.

படகு போன பிறகு வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினாங்க. மூணு வீடு இன்னும் பாக்கி. அதில் ஒரு வீட்டில் ஆம்பளை படுக்கையில். அவங்ககிட்ட கேட்கறதில்லைன்னு தீர்மானப் புத்தகத்தில் எழுதிட்டோம்.

கூட்டமைப்பிடம் கேட்பது ஒன்றுதான். சரக்குக் கடனைத் தடைக்காலம் முடிந்த பிறகு தராதீங்க. பங்குனியிலேயே கொடுங்க. அரிசி, பருப்பு, எண்ணெய் வாங்கி அடுக்கி வைக்க எங்க கடையில் பின்கட்டு அறை காலியாக இருக்கு. போன வாரம்தான் சுண்ணாம்பு அடிச்சோம்.