திறந்த மன்றமும் பூட்டிய மொழியும்

தோழரே!

வழக்கு மன்றத்திலே வழக்கறிஞர்களைப் பார்த்திருப்பீர், நீதியரசரைப் பார்த்திருப்பீர், கூண்டிலே நிற்பவனையும் பார்த்திருப்பீர். இவர்களுக்கு அப்பால், ஓர் ஓரத்திலே, குறிப்பேடும் எழுதுகோலுமாகச் சிலர் இருப்பர். வாதாடும் உரிமை அவர்களுக்கு இல்லை. தீர்ப்பளிக்கும் அதிகாரமும் இல்லை. ஆயினும், அவர்தம் எழுதுகோலைத் தடுத்து நிறுத்துங்கள் என்று கேட்டு, அதிகாரம் படைத்த அமைப்பொன்று உச்சநீதிமன்றத்தின் படியேறியதுண்டு!

2021ஆம் ஆண்டு ஏப்ரல் 26. கொரோனாவின் இரண்டாம் அலை வீசிய நேரம். கரூர்த் தொகுதி வாக்கு எண்ணிக்கையின்போது நோய்த்தடுப்பு ஏற்பாடு வேண்டுமென்று வேட்பாளர் ஒருவர் தொடுத்த வழக்கு, சென்னை உயர்நீதிமன்றத்திலே விசாரணைக்கு வந்தது. அவர் எக்கட்சியினர் என்பது இங்கே பொருட்டன்று. தேர்தல் கூட்டங்களைக் கட்டுப்படுத்தத் தவறிய தேர்தல் ஆணையத்தின் மீது கொலைக் குற்றமே சாட்டலாம் என்னும் பொருள்பட, தலைமை நீதியரசர் அமர்விலிருந்து சுடுசொல் பிறந்தது. எழுத்து வடிவில் வந்த ஆணையிலே அச்சொல் இல்லை. ஆனால், செய்தியாளர் செவியிலே விழுந்தது, ஏட்டிலே ஏறியது, நாடு அறிந்தது.

ஆணையம் துடித்தது. நீதிபதிகள் வாய்மொழியாகக் கூறுவதை ஏடுகள் வெளியிடலாகாது என்று தடை கேட்டது. அவ்வாண்டு மே 6ஆம் நாள் உச்சநீதிமன்றம் விடை பகர்ந்தது. சொல் கடுமையானது, உவமை பொருத்தமற்றது என்று கூறிய அதே தீர்ப்பு, செய்தி வெளியிடுவதைத் தடுக்க மறுத்தது. மன்றத்திலே நடப்பதை மக்களுக்குச் சொல்வதும் பேச்சுரிமையின் பகுதியே என்று உறுதி கூறியது.

எப்போதும் இப்படித்தான் தீர்ப்பு வந்ததோ எனில், இல்லை! பம்பாய் உயர்நீதிமன்றத்து வழக்கொன்றிலே, சாட்சியின் வாக்குமூலத்தை வெளியிடாதீர் என வாய்மொழியாகவே ஆணையிட்டார் நீதிபதி. செய்தியாளர்கள் முறையிட்டனர். 1966இலே ஒன்பது நீதிபதிகள் அமர்ந்த உச்சநீதிமன்றம் அம்முறையீட்டை ஏற்கவில்லை. இதயத்துல்லா ஒருவரே மாறுபட்டுத் தீர்ப்பெழுதினார். அன்று ஒருவர் குரல். 2021இலே மன்றத்தின் குரல்! உரிமை மெல்லத்தான் நடந்து வருகிறது, தோழரே!

மூடிய அறை வேண்டிய வழக்கும் உண்டு. பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்ணின் வழக்கை மூடிய அறையிலே நடத்தச் சொல்கிறது சட்டம்; அது அவளைக் காக்கும் அறம். அதிகாரத்தின் முகத்தைக் காக்கக் கதவடைப்பது அறமாகுமா?

சரி, கதவு திறந்திருக்கிறது. உள்ளே போகிறான் நம் உழவன். தன் நிலத்து வழக்குத்தான் நடக்கிறது; தன் பெயர்கூடக் காதிலே விழுகிறது. மற்றவை? ஆங்கிலம்! கீழ்மன்றங்களிலே தமிழுக்கு இடம் தர 1976இலே சட்டத் திருத்தம் செய்தது தமிழ்நாடு. அங்கே தமிழிலே சாட்சியம் சொன்னவன், உயர்நீதிமன்றம் ஏறியதும் ஊமையாகிறான். அங்கு வழங்கும் ஆங்கிலத்தை அவனுக்குத் தமிழாக்கித் தருபவன் செய்தியாளனே. தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது என்பதை, தண்டனை நீக்கப்பட்டது என்று அவன் எழுதிவிட்டால், குற்றவாளி உத்தமனாகி ஊர்வலம் வருவான்!

இந்தத் தொல்லை தீர வழியில்லையா? இருக்கிறது! அரசியல் சட்டத்தின் 348ஆம் பிரிவு, குடியரசுத் தலைவரின் இசைவோடு மாநில மொழியை உயர்நீதிமன்றத்திலே பயன்படுத்த ஆளுநருக்கு அதிகாரம் தருகிறது. 1950இலே இராசத்தான், 1969இலே உத்தரப் பிரதேசம், 1971இலே மத்தியப் பிரதேசம், 1972இலே பீகார் — நான்கிற்கும் இந்தி கிடைத்தது. 2006இலே தமிழக சட்டமன்றம் தமிழுக்காகத் தீர்மானம் நிறைவேற்றியது. கிடைத்ததா? தலைமை நீதிபதியின் கருத்தையும் கேட்க வேண்டுமென 1965இலே மத்திய அமைச்சரவைக் குழு எடுத்த முடிவைக் காட்டி, கோரிக்கை உச்சநீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டது. 2012இலே நீதிபதிகள் கூடி மறுத்தனர், மீண்டும் கேட்டோம், 2016இலே மீண்டும் மறுப்பு வந்தது. சட்டம் திறந்து வைத்த கதவுக்கு, சட்டத்திலே இல்லாத பூட்டு! அந்தப் பூட்டு தொங்கும்போதே இந்திக்கு மூன்று மாநிலங்களிலே வழி கிடைத்தது எப்படி? இதைக் கேட்பது மொழி வெறியா? நீதி கேட்பதன்றோ!

தோழரே! நாளை ஏட்டிலே வழக்குச் செய்தி படிக்கும்போது, அது நீதியரசர் எழுப்பிய வினாவா, வழக்கறிஞரின் வாதமா, இறுதித் தீர்ப்பா என்று பிரித்தறியும். படிப்பகத்திலே படித்துக் காட்டும். படிக்காதவர்க்குப் பொருள் சொல்லும். செய்தியாளன் வாயைக் கட்டும் முயற்சி எங்கு நடந்தாலும் எதிர்த்து நில்லும். உயர்நீதிமன்றத்திலே தமிழ் ஒலிக்கும்வரை கேட்டுக்கொண்டே இரும். தன் வழக்கைத் தன் செவியால் கேட்டுப் புரிந்துகொள்ளும் உரிமை, சலுகையன்று, குடிமகனின் சொத்து!